ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டிய பெயர்

கியோஸ் தீவு,
செவ்வாய் இரவு.

அன்பும் மரியாதையும் உள்ள கலியோபி அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி மிர்த்தோ எழுதுவது.

பாப்பா நலம். அத்தை நலம். நான் இருக்கிறேன். அங்கே ஸ்டுட்கார்ட்டில் நீங்களும் அண்ணனும் லூக்காஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லூக்காஸுக்குப் பல்லில் கம்பி கட்டியாகிவிட்டதா? வலிக்கிறது என்று போனில் அழுதானே, அதுவே இரண்டு நாளாக என் காதில் இருந்தது.

கைக்கு எட்டும் தூரத்தில் போன் இருக்க, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் இதை ஆரம்பித்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், அத்தை அடுக்களையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதையும் கேட்காதவர் மாதிரி பாத்திரம் கழுவுவார். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக் காலைக் கப்பலில் மருந்துக்கடைக்காரர் மகள் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்புகிறாள். அத்தை கொடுத்தனுப்பும் பாலாடைக்கட்டியோடும் உலர்ந்த அத்திப்பழத்தோடும் இதையும் அவள் பையில் வைத்துவிடுவேன். காகிதத்தில் பாலாடைக்கட்டி வாசனை அடித்தால் என்னைத் திட்டாதீர்கள்.

பாப்பாவுக்குக் கழுத்து மடிப்பில் சிவந்திருக்கிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். ஞானஸ்நானத்தில் எண்ணெய் தடவித் தண்ணீரில் மூன்று முறை முக்கும்போது அது எரியுமோ என்று எனக்குப் பயம். தேவாலயத்தில் இப்போதே குளிர ஆரம்பித்துவிட்டது. பாதிரியாரிடம் தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு, "இந்த ஊர்ல எத்தன தலைமுறையா முக்கறோம், ஒரு புள்ளையும் கரைஞ்சு போகல" என்றார். அவருக்கென்ன, சொல்வார். ராத்திரியில் அவள் தூங்கினாலும் நான் தூங்குவதில்லை. மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது. படுக்கிறேன். வந்ததா என்று மறுபடி சந்தேகம். எழுந்திருக்கிறேன். கணக்கில் பட்டம் வாங்கியவளுக்கு ஒரு மூச்சை எண்ணி முடிக்கத் தெரியவில்லை.

உங்கள் தம்பி கப்பல் இன்னும் பிரேசில் கரையில் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. சர்க்கரை ஏற்ற முறை வரவில்லையாம். ஞானஸ்நானத்துக்கு வந்து சேர்வது சந்தேகம்தான். பெயர் விஷயமாக அவரிடம் கேட்டேன். "நீயும் எனக்கு முக்கியம், அம்மாவும் எனக்கு முக்கியம். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார். இயந்திர அறையில் இருப்பவருக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று மேலே இருந்துதானே உத்தரவு வர வேண்டும். இங்கே மேலே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெயர் பற்றித்தான்.

ஆகஸ்டில் நீங்கள் வந்திருந்தபோது ஈரத் துண்டோடு கடற்கரையில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டோம். முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர் என்பது இந்த நாட்டில் சட்டத்துக்கும் மேலே. பாப்பாவுக்கு வர வேண்டியது அத்தையின் இப்பொமொனி, அந்தப் பொறுமை. ஆனால் ஞானத்தாய் நீங்கள். பாதிரியார் குழந்தையின் பெயர் என்ன என்று கேட்கும்போது வாய் திறந்து சொல்லப்போவது நீங்கள்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான் பெயர். அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "பொறுமை பொறுமைன்னு பேர் வெச்சே எங்கம்மாவத் தின்னுட்டாங்க மிர்த்தோ. இப்பொமொனிங்கற பேர என் வாயால இன்னொரு பொண்ணு தலையில ஊத்த மாட்டேன். பாதிரியார் ஏழு தடவ கேக்கட்டும்." அதன் பிறகுதான் தனாயி என்ற பெயரை எடுத்தோம். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? எனக்குச் சொல்லத் தைரியம் இல்லாததை மகளே சொல்லிவிட்டாளே என்று.

எனக்கும் என் காரணங்கள் இருந்தன. தெசலோனிக்கியில் டியூஷன் நடத்தியபோது சோஃப்ரோசினி என்று ஒரு பெண் என்னிடம் படித்தாள். அடக்கம் என்றே பெயர். மற்றப் பிள்ளைகள் சிரித்தால் சிரித்தார்கள், அவ்வளவுதான். அவள் சிரித்தால், "பேரப் பாரு, ஆளப் பாரு" என்பார் பக்கத்து அறை ஆசிரியர். மார்க்கு குறைந்தால் மற்றவர்களுக்கு மார்க்கு மட்டும் குறையும். இவளுக்குப் பெயரும் சேர்ந்து அடி வாங்கும். பதினான்கு வயதுப் பெண், பெயரைப் பாதியாக வெட்டி ஃப்ரோசோ என்று நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதிப் பழகினாள். நல்ல குணத்தைப் பெயராகக் கொடுப்பது பிறந்த குழந்தைக்குப் பெரிய ஆள் சட்டையை மாட்டுவது மாதிரி என்று அப்போது நினைத்தேன். வளர்ந்து நிரப்பும் வரை தடுக்கி விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

பாப்பா பிறந்த பிறகு பொறுமை என்ற சொல் எல்லார் வாயிலிருந்தும் எனக்குத்தான் வந்தது. குழந்தை ராவெல்லாம் கத்துகிறது என்றால் டாக்டர், "பொறுமையா இருங்க, மூணு மாசத்துல சரியாகும்." மூன்று மாதம் போய் எட்டு மாதம் ஆயிற்று. வோலோஸிலிருந்து அம்மா, "நாங்கல்லாம் வளக்கலியா, கொஞ்சம் பொறுமை வேணும்டி." ரொட்டிக்கடையில் வரிசையில் நிற்கும்போது பாப்பா அழுதால் முன்னால் நிற்கும் கிழவர் திரும்பி, "பொறும, பொறும" என்று எனக்குச் சொல்கிறாரா அவளுக்குச் சொல்கிறாரா தெரியாமல் சொல்வார். உங்கள் தம்பி கப்பலிலிருந்து பேசும்போது லைன் விட்டுவிட்டுத்தான் வரும். வரும் துண்டுகளில் எல்லாம் அந்த ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பாமல் வந்து சேரும். யாரும் நல்ல செய்தி சொல்லும்போது அந்தச் சொல்லைச் சொல்வதில்லை அண்ணி. இதற்கு மேல் உனக்காக நான் எதுவும் செய்யப்போவதில்லை என்பதைத்தான் மரியாதையாக அப்படிச் சொல்கிறார்கள். அதைப் போய் என் மகளுக்குப் பெயராக வைத்து, அவள் வாழ்நாள் முழுக்க வரிசையில் கடைசியாக நிற்கட்டும் என்று விட்டுவிடவா?

இது ஆகஸ்டில் நான் நினைத்தது. போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது.

மதியம் பாப்பாவுக்கு மாடியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். தூங்கப் போகும் நேரம். தொட்டிலருகே வைப்பதற்கு என் அம்மா வாங்கி அனுப்பிய கருவி இருக்கிறதே, இங்கே குழந்தை அழுதால் கீழே அடுக்களையில் கேட்கும். அது எப்போதும் போட்டிருக்கும் என்பதையே நான் மறந்து பல மாதம் ஆகிறது. ஞானஸ்நானத்துக்கு முன் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் அதைச் சிரிப்பாகச் சொல்வோம், இந்தத் தீவில் பயமாகச் சொல்கிறீர்கள். ஆனாலும் எட்டு மாதமாக ஒரு பெண்ணைப் பாப்பா பாப்பா என்றே எப்படிக் கூப்பிடுவது? யாரும் இல்லாதபோது அவள் காதில் தனாயி என்பேன். அன்றைக்கும் சொன்னேன். "தனாயி, என் தனாயிக்குட்டி, தூங்கு" என்று பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னேன்.

அவள் தூங்கியதும் கீழே இறங்கினேன். பாதிப் படியில் பக்கத்து வீட்டு ஸம்பெத்தாவின் குரல் கேட்டது. அவளும் அத்தையும் பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. "பேரு வெச்சாச்சு போல. உன் பேரு மாதிரி கேக்கலியே" என்றாள் ஸம்பெத்தா. பிறகு அவளே, "காலம் அப்படி ஆயிருச்சு. எம் பேரனுக்கு எதோ பிஸ்கட் பேரு வெச்சிருக்காங்க, நான் வாயத் தெறந்தேனா? விடு. உனக்கு என்ன, பேரே பொறுமை. பொறுத்துக்கோ" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

கிண்ணம் மேஜைமேல் வைக்கப்படும் சத்தம். பிறகு அத்தை, "ஸம்பெத்தா, உங்க வீட்டு அடுப்புல எதோ தீயுது" என்றார். "நான் எங்க அடுப்பு வெச்சேன்?" என்றாள் அவள். "வெச்சிருக்க. போய்ப் பாரு" என்றார் அத்தை. ஸம்பெத்தா படியில் நின்ற என்னைப் பார்க்காமல் கையில் பீன்ஸோடு வெளியே போனதை நான் பார்த்தேன். அத்தை ஒருவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

அத்தை அழுவார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் வழக்கம்போல எதுவும் நடக்காத மாதிரி பீன்ஸை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் கை துடைத்துக்கொண்டே படிக்கட்டடிக்கு வந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பேரு எனக்கு வேணும் மிர்த்தோ" என்றார். கெஞ்சவில்லை, கோபமும் இல்லை. கடையில் தன் பையைத் திருப்பிக் கேட்பவர் மாதிரி கேட்டார்.

நான் என்னவோ உளறினேன். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்றேன், பழைய பெயர் என்றேன். உங்களையும் இழுத்தேன், மன்னியுங்கள். கலியோபி அண்ணியும் வேண்டாம் என்கிறார் என்றேன். "தெரியும். அவ கோவம் நியாயம்தான்" என்றார். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். நானும் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன்.

அவர் சொன்னதை முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "எனக்கு முன்னால பொறந்த ரெண்டும் தங்கல. எங்கம்மா புனித இப்பொமொனிகிட்ட வேண்டிக்கிட்டு என்னப் பெத்தா. சாவுற வரைக்கும் அந்தப் பேர அவ கொறச்சுக் கூப்பிட்டதே இல்ல, முழுசாத்தான் கூப்பிடுவா. ஊர்ல மரியான்னு கூப்பிட்டா பாதித் தெரு திரும்பும். என் பேரக் கூப்பிட்டா நான் ஒருத்திதான். மே மாசம் புனித இப்பொமொனி திருநாள்தான் எனக்குப் பேர்நாள், அன்னிக்கு ஊரே எங்க வீட்டுக்குத்தான் வரணும், வேற வீடு கெடையாது. எனக்கு அவ்வளவு பெருமை. அப்புறம் கல்யாணம் ஆச்சு. சீதனத்துக்கு வந்த ஆலிவ் தோட்டத்தப் படகுல பங்கு வாங்கறேன்னு என்னக் கேக்காமயே வித்தாரு. உன் பேரே பொறுமைதானேன்னாங்க. படகு போச்சு. பொறுமைதானேன்னாங்க. கலியோபிக்கு ஏதென்ஸ்ல படிக்க எடம் கெடச்சுது. பெட்டியில துணியெல்லாம் அடுக்கி வெச்சிருந்தா. வேண்டாம்னாரு. எல்லாரும் என்னையே பாத்தாங்க, நான் எதுவும் சொல்ல மாட்டேன்னு. நான் சொல்லல. அவ மூஞ்சியப் பாக்காம, பெட்டியிலேருந்து துணிய எடுத்துத் திரும்ப அலமாரியில அடுக்குனேன்."

இதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று ரொம்ப நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருந்தேன். நீங்கள் அந்த அறையில் இருந்தவர். உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் அவர் அதை மறக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் அத்தை சொன்னது இது: "அது எங்கம்மா எனக்கு வெச்ச பேரு. அத எங்கிட்டேருந்து புடுங்கி அவங்கவங்க வாயில போட்டுக்கிட்டாங்க. இப்ப யாரு கூப்பிட்டாலும் எதயோ விட்டுக் குடுக்கச் சொல்ற மாதிரிதான் எனக்குக் கேக்குது. ஒரு சின்னப் புள்ள முற்றத்துல ஓடி வெளையாடணும், யாராவது அத அந்தப் பேரச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடணும். அது வர மாட்டேன்னு கத்தணும். அப்படி ஒரு தடவ காதுல விழுந்தா போதும். நீ வேண்டாம்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நான் கேக்கலன்னு யாரும் சொல்லக் கூடாது. நான் கேட்டுட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய் மிச்சமிருந்த பீன்ஸுக்கு நார் எடுத்தார்.

அண்ணி, அன்றைக்கு ராத்திரி பாப்பா வழக்கம்போலக் கத்தினாள். நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். கதவு திறந்தது. அத்தை வந்து, "குடு. நீ போய் மூஞ்சிய நனச்சிட்டுப் படு" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். மதியம் அப்படிப் பேசிய மனக்கசப்பு எதுவும் இல்லை. படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த எட்டு மாதத்தில் டாக்டர் சொல்லியிருக்கிறார், பாதிரியார் சொல்லியிருக்கிறார், என்னைப் பெற்றவள் சொல்லியிருக்கிறாள், என்னைக் கட்டியவர் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் என்னைப் பொறுமையாக இரு என்று ஒரு முறைகூடச் சொல்லாதவர் அத்தை ஒருவர்தான். "குடு" என்பார். "சாப்பிட்டியா" என்பார். சில நாள் எதுவும் சொல்லாமல் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போவார். அந்தச் சொல் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று இந்த ஊரில் அவருக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

அதனால் நான் மாறிவிட்டேன். முழுமனதோடு என்று சொன்னால் பொய். தனாயி என்பது இன்னும் என் வாயில் இனிக்கிறது. அவளும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறாள் என்று எனக்கு ஒரு எண்ணம், அது பால் வாசனைக்காகவும் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்ற பயம் அப்படியேதான் இருக்கிறது. "பொறுமையே, நீ அப்புறம் வா" என்று பிள்ளைகள் அவளை வரிசையில் பின்னால் தள்ளத்தான் போகிறார்கள். நாளைக்கு அவள் லூக்காஸோடு ஸ்டுட்கார்ட்டில் படிக்க வந்தால் அங்கே யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையப் போவதில்லை. எல்லாம் யோசித்துவிட்டேன். இரண்டு பெயர் வைக்கலாமே என்பீர்கள். வைத்தால் ஒன்று கூப்பிட, ஒன்று காகிதத்தில் தூங்க. எது தூங்கும் என்று உங்களுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

நீங்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றது கோபத்தால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவுக்காகத்தான் சொன்னீர்கள். இப்போது உங்கள் அம்மாவே கேட்கிறார். அவர் வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நமக்குப் பிடிக்காததைக் கேட்டுவிட்டார் என்பதற்காக இதையும் இல்லை என்று சொன்னால், ஸம்பெத்தாவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞானஸ்நானம் வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. இந்தத் தீவு வழக்கப்படி நான் தேவாலயத்துக்கு வெளியே நிற்க வேண்டும். பிள்ளைகள் ஓடிவந்து பெயரைச் சொன்ன பிறகுதான் உள்ளே வரலாம் என்று ஸம்பெத்தா இப்போதே எனக்குப் பாடம் நடத்திவிட்டாள். அதனால் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்கு அங்கே கடைசியாகத்தான் தெரியும். பாதிரியார் கேட்கும்போது நீங்கள் குழந்தையைக் கையில் வைத்திருப்பீர்கள். உங்கள் அம்மா முன்னால் நிற்பார். தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பார். தயவு செய்து தெளிவாகச் சொல்லுங்கள் அண்ணி. குறைக்காமல், முழுசாக. அதற்குப் பிறகு அந்தப் பெயரை வைத்து எவனாவது என் மகளை வாயடைக்கப் பார்த்தால் ஞானத்தாய் என்று நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் வாய்க்கு ஊரே பயப்படும் என்று உங்கள் தம்பி சொல்வார். அது அவளுக்கு இருக்கட்டும். எனக்கு அந்த வாய் இல்லை.

இன்னொன்று. நீங்கள் டிக்கெட் ஞானஸ்நானத்துக்கு முந்தின சனிக்கிழமைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். ஆகஸ்டு மாதிரி இந்த முறையும் கடற்கரையில் அறை எடுக்கப் போவதாகவும் சொன்னீர்கள். அத்தை மாடியில் உங்கள் பழைய அறையை ஒழித்துவிட்டார். அங்கே இருந்த பாப்பாவின் சாமான்களை எல்லாம் என் அறைக்குத் தள்ளிவிட்டு ஜன்னல் திரையைத் துவைத்துக் காயப்போட்டார். நேற்று அந்த அலமாரியைக் காலியாக்கி உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும் கதவைச் சாத்திவிட்டார்.

முடிந்தால் டிக்கெட்டை அந்த வாரப் புதன்கிழமைக்கு மாற்றுங்கள். வந்து இந்த வீட்டில் தங்குங்கள். அத்தை உங்களைக் கேட்க மாட்டார். ஒரே மாதத்தில் இரண்டாவது தடவை வாய் திறக்க அவருக்கு இன்னும் பழக்கமில்லை. அவருக்காக நான் கேட்கிறேன். எனக்காகவும்தான் கேட்கிறேன். இரண்டு பேரும் களைத்துப் போயிருக்கிறோம் அண்ணி, யாருக்கு அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை.

மாதா உங்களையும் அண்ணனையும் குழந்தையையும் கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். லூக்காஸுக்கு என் முத்தம்.

பாப்பா எழுந்துவிட்டாள். அத்தை அறையில் விளக்கு எரிகிறது. போகிறேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மிர்த்தோ